பற்றரிக்குப் பொருந்தாத கொன்ட்ரோலர்: கொக்குவில் கூரைகளின் சோலர் கணக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த நாளில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில், கூரையில் சோலர் பனல் பூட்டிய வீடுகளிலும் மின்விசிறி சுற்றவில்லை. பனல் இல்லாத வீட்டாருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பூட்டிய வீட்டாருக்குக் கோபம். "இவ்வளவு காசு போட்டும் பகலிலேயே கரண்ட் இல்லையெண்டால் இது என்னத்துக்கு?" என்று ஒரு மாமி கேட்டார்.

அது பழுது அல்ல. மின்சார சபையின் கம்பியோடு இணைந்த இன்வேர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் தானாகவே நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறித் திருத்த வரும் ஊழியரை உங்கள் கூரையின் மின்சாரம் தாக்கும். 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்க்ராமய' திட்டத்தின் பின்னர் பரவிய கூரை சோலர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மின்கட்டணத்தைக் குறைக்க அவை நல்லவை. மின்வெட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரி வேண்டும். பற்றரி வந்ததும் அதற்கும் பனலுக்கும் இடையில் சார்ஜ் கொன்ட்ரோலர் என்ற ஒரு பெட்டி வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சோலரில் போகும் காசு பெரும்பாலும் இந்தப் பெட்டியும் பற்றரியும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடத்தில்தான் போகிறது என்பது, சில மாதங்களாக இதைப் பற்றி வீடுகளிலும் கடைகளிலும் கேட்டுத் திரிந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

மின்சாரம் இல்லாமல் வாழ்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1990இற்குப் பிறகு குடாநாடு இருண்டு கிடந்த ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்களும் இன்னும் நடுத்தர வயதினர்தான். அந்த நாட்களில் ரோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். அதனால்தானோ என்னவோ, 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோது இங்கே பலர் யோசிக்காமல் பற்றரி வாங்கினார்கள். கையில் கிடைத்ததை வாங்கினார்கள். அப்படி வாங்கியவற்றில் பல இப்போது மாற்ற வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டன. மாற்றும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காங்கேசன்துறை வீதிக்கு மேற்கே வசிக்கிறார். மனைவிக்கு ஆஸ்துமா. இரவில் எந்த நேரமும் நெபுலைசர் தேவைப்படலாம். 2022இல் நான்கு 150 வாற் பனல், 60 அம்பியர் கொன்ட்ரோலர் ஒன்று, 150 அம்பியர்-மணி டியூபுலர் பற்றரி இரண்டு பூட்டினார். எல்லாம் 12 வோல்ற் தொகுதி. இரண்டு வருடம் ஓடியது. பற்றரிகள் தளர்ந்ததும் வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்ப, டியூபுலரைக் கழற்றிவிட்டு 200 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒன்றை வைத்தார்கள். கூடவே பழைய பனல்களுக்குப் பதிலாக இரண்டு 550 வாற் பனல். கொன்ட்ரோலர் மட்டும் பழையது. "அது வேலை செய்யுது தானே, ஏன் வீணாக மாத்துவான்" என்று பூட்ட வந்தவர் சொன்னாராம்.

அடுத்த கிழமையிலிருந்து ஒரு விசித்திரம். நல்ல வெயில் நாட்களில் பதினொரு, பன்னிரண்டு மணிக்கு இன்வேர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். பின்னேரம் தானாக வரும். இரவு பத்து மணிக்கெல்லாம் பற்றரி இறங்கிவிடும். "தம்பி, வெயில் கூடக் கூட கரண்ட் குறையுது. இது என்ன சாத்திரம்?" என்று கேட்டார் ஆசிரியர். பற்றரி பழுதென்று கடைக்குக் கொண்டுபோனார்கள். கடையில் சோதித்தபோது பற்றரியில் ஒரு குறையும் இல்லை.

அந்த வீட்டில் இரண்டு தவறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. இரண்டையும் விளக்கினால் இந்தப் பொருத்தத்தின் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

முதல் தவறு: வோல்ற்றளவு

'12 வோல்ற் பற்றரி' என்பது ஒரு பெயர் மட்டுமே. அதை நிரப்ப எத்தனை வோல்ற் கொடுக்க வேண்டும் என்பது வகைக்கு வகை வேறு. தண்ணீர் விடும் ஈய-அமிலப் பற்றரியையும் டியூபுலரையும் முழுதாக நிரப்ப 14.4 முதல் 14.8 வோல்ற் வரை வேண்டும். மூடிய ஏ.ஜி.எம் வகைக்கு ஏறத்தாழ 14.4 முதல் 14.7. ஜெல் வகை அதைவிடக் குறைவு, 14.1 அல்லது 14.2 போதும், அதற்கு மேல் கொடுத்தால் உள்ளே குமிழ்கள் உண்டாகி நிரந்தரமாகப் பழுதாகும். நிரம்பிய பிறகு பிடித்து வைத்திருக்கும் 'ஃப்ளோட்' வோல்ற்றளவு இவற்றுக்கு 13.5 இலிருந்து 13.8 வரை. தண்ணீர் விடும் வகைக்கு மட்டும் சில கிழமைகளுக்கு ஒருமுறை 15 வோல்ற்றுக்கு மேல் ஏற்றி உள்ளே கலக்கிவிடும் 'ஈக்குவலைஸ்' என்ற வேலையும் உண்டு.

லித்தியம் என்று இங்கே வீடுகளுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை. உள்ளே 3.2 வோல்ற் செல்கள் நான்கு தொடராக இருக்கும், எனவே அதன் மேல் 12.8 என்று எழுதியிருப்பார்கள். ஒரு செல்லின் மேல் எல்லை 3.65 வோல்ற். நான்குக்கும் சேர்த்து 14.6. அது எல்லை. இலக்காக 14.2 வைத்தாலே போதும். ஃப்ளோட் 13.5. ஈக்குவலைஸ் கூடவே கூடாது.

ஆசிரியர் வீட்டுக் கொன்ட்ரோலர் டியூபுலருக்கு வைத்த அமைப்பிலேயே இருந்தது: 14.8 வோல்ற். லித்தியம் பற்றரிக்குள் பி.எம்.எஸ் என்ற ஒரு காவல் பலகை இருக்கிறது. ஏதாவது ஒரு செல் எல்லையைத் தொட்டால் அது பற்றரியை வெளியிலிருந்து துண்டித்துவிடும். நல்ல வெயிலில், பற்றரி நிரம்பும் நேரத்தில், அதுதான் நடந்தது. பற்றரி துண்டிக்கப்பட்ட கணத்தில் கொன்ட்ரோலரின் வெளியீட்டைத் தாங்க எதுவும் இல்லை. வோல்ற்றளவு துள்ளியது. இன்வேர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றது. வெயில் கூடினால் மின்சாரம் போகும் சாத்திரம் இதுதான்.

சில மலிவான கொன்ட்ரோலர்களில் இதைவிட மோசமான ஒன்று நடக்கலாம். அவை 12, 24 இரண்டையும் தாமே கண்டுபிடிக்கும் வகை. பி.எம்.எஸ் பற்றரியைத் துண்டித்த நிலையில் பனலின் வோல்ற்றளவைப் பார்த்து 'இது 24 வோல்ற் தொகுதி' என்று முடிவெடுத்துவிட்டால், பற்றரி திரும்ப இணையும்போது 12 வோல்ற் பற்றரிக்கு 28 வோல்ற் நோக்கி ஏற்றத் தொடங்கும். லித்தியம் வைத்தால் இந்தத் தானியங்கித் தேர்வை நிறுத்தி, 12 அல்லது 24 என்று கையால் குறித்துவிட முடிகிற கொன்ட்ரோலரைத்தான் வாங்க வேண்டும்.

மறுபக்கத் தவறு சத்தம் போடாது, அதனால் கண்டுபிடிக்கவும் முடியாது. டியூபுலர் பற்றரிக்கு ஜெல் அமைப்பை வைத்தால், அதாவது 14.1இல் நிறுத்தினால், ஒரு நாளும் அது முழுதாக நிரம்பாது. ஈயத் தகட்டில் சல்பேற் படிந்து இறுகும். ஒரு வருடத்தில் 150 அம்பியர்-மணி பற்றரி அதில் பாதிகூடத் தராது. "சாமான் சரியில்லை" என்று வீட்டாரும், "நீங்கள் கூடப் பாவிச்சிட்டியள்" என்று கடைக்காரரும் வாக்குவாதப்படுவார்கள். உண்மையில் குற்றவாளி திரையில் இருக்கும் ஒரு சிறு குறியீடு. சந்தையில் அதிகம் கிடைக்கும் சிறிய கொன்ட்ரோலர்கள் பலவற்றில் பி1, பி2, பி3 என்று மட்டும் தோன்றும்: மூடிய வகை, ஜெல், தண்ணீர் விடும் வகை. பெட்டியில் வந்தபடியே பூட்டிவிட்டுப் போகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது தவறு: பெரிய பனல், பழைய பெட்டி

கொன்ட்ரோலர்களில் இரண்டு சாதிகள். பி.டபிள்யூ.எம் வகை ஒரு வேகமான ஆளி போன்றது. பனலைப் பற்றரியோடு நேராகப் பொருத்தும், பொருத்தி விலக்கும். பனல் எந்த வோல்ற்றளவில் நன்றாக வேலை செய்யும் என்பது அதற்குக் கவலையில்லை, பற்றரியின் வோல்ற்றளவுக்கே பனலை இழுத்து வைத்துக்கொள்ளும். எம்.பி.பி.டி வகை பனலை அதன் சிறந்த புள்ளியில் ஓடவிட்டு, மிகுதி வோல்ற்றளவை அம்பியராக மாற்றிப் பற்றரிக்குக் கொடுக்கும்.

36 செல் கொண்ட பழைய 150 வாற் பனல் 18 வோல்ற்றில் வேலை செய்வது. 12 வோல்ற் பற்றரிக்கு அது கிட்டத்தட்ட அளவெடுத்த சட்டை, பி.டபிள்யூ.எம் போதும். இப்போது கடைகளில் கிடைப்பவை வேறு. 144 அரைச் செல் கொண்ட 550 வாற் பனல் ஏறத்தாழ 41 வோல்ற்றில் 13 அம்பியர் தருவது. அதைப் பி.டபிள்யூ.எம் வழியாக 12 வோல்ற் பற்றரிக்குக் கொடுத்தால் 13 அம்பியர் அப்படியே 13 அம்பியராகத்தான் போகும். 13 அம்பியரை 13 வோல்ற்றால் பெருக்குங்கள்: 169 வாற். 550 வாற்றுக்குக் காசு கொடுத்து 169ஐப் பாவிப்பது. ஆசிரியர் வீட்டில் 1,100 வாற் பனலிலிருந்து 340 வாற்கூட வரவில்லை. இரவு பத்து மணிக்குப் பற்றரி இறங்கியதன் காரணம் கூரையில் இல்லை, சுவரில் இருந்தது.

அவர் கடைசியில் 60 அம்பியர் எம்.பி.பி.டி ஒன்றை வாங்கினார். 12 வோல்ற் பற்றரிக்கு 60 அம்பியர் என்றால் 800 வாற் சொச்சம்தான் உள்ளே போகும். 1,100இல் மீதியைக் கொன்ட்ரோலர் எடுக்காமல் விட்டுவிடும். அதனால் கெடுதல் இல்லை, மழைக்காலத்துக்கு அது நல்லதும்கூட. புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால் 24 வோல்ற் தொகுதிக்குப் போகச் சொல்லியிருப்பேன். அதே கொன்ட்ரோலர் 24 வோல்ற்றில் இரட்டிப்பு வாற் தரும்.

எம்.பி.பி.டி என்று முகப்பில் அச்சடித்து உள்ளே பி.டபிள்யூ.எம் வைத்து விற்கும் பெட்டிகளும் சந்தையில் உண்டு. கையில் எடுத்தாலே ஓரளவு தெரியும். உண்மையான எம்.பி.பி.டிக்குள் செம்புச் சுருள் இருக்கும், வெப்பம் வெளியேறும் அலுமினிய முதுகு இருக்கும், பாரமாக இருக்கும். பூட்டிய பிறகு சோதிப்பது இன்னும் சுலபம். பற்றரி நிரம்பாத நேரத்தில் பனல் பக்கக் கம்பியிலும் பற்றரி பக்கக் கம்பியிலும் கவ்வி மீற்றரால் அம்பியரை அளந்து பாருங்கள். 41 வோல்ற் பனலும் 12 வோல்ற் பற்றரியும் என்றால் பற்றரிப் பக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு அம்பியர் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண் என்றால் பெயர்தான் எம்.பி.பி.டி.

இரண்டு எண்கள், இரண்டு வேறு ஆபத்துகள்

நல்ல கொன்ட்ரோலர்களின் பெயரிலேயே 100/20, 150/45 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பனல் பக்கத்தில் அது தாங்கும் அதிகபட்ச வோல்ற்றளவு. இரண்டாவது பற்றரிக்கு அது தரக்கூடிய அதிகபட்ச அம்பியர். இரண்டாவதை மீறினால் பெரும்பாலும் இழப்பு மட்டும்தான். முதலாவதை மீறினால் பெட்டி எரிந்துபோகும், வொரண்டியும் கிடைக்காது.

பனலின் பின்புற லேபலில் 'வி.ஓ.சி' என்று இருப்பது எதுவும் இணைக்காதபோது உள்ள வோல்ற்றளவு. 550 வாற் பனலில் அது 49.5 அளவில் இருக்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் 99. '100 வோல்ற் கொன்ட்ரோலர் இருக்கிறதே, போதும்' என்று தோன்றும். போதாது. பனல் குளிர்ந்தால் வோல்ற்றளவு ஏறும். ஐரோப்பிய வழிகாட்டிகள் உறைபனிக்காகக் கால்வாசி அளவு கூட்டிக் கணக்குப் போடச் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. மார்கழி, தை விடியற்காலையிலும் இங்கே 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் பத்து வீதமாவது இடைவெளி வேண்டும். இரண்டு பனலைத் தொடராக வைத்தால் 150 வோல்ற் கொன்ட்ரோலர், சமாந்தரமாக வைத்தால் 100 போதும். மறுபுறம், எம்.பி.பி.டி வேலை தொடங்கப் பனல் வோல்ற்றளவு பற்றரியைவிட ஓரளவு, பலவற்றில் 5 வோல்ற், கூட இருக்க வேண்டும். 48 வோல்ற் பற்றரிக்கு ஒரே ஒரு 550 வாற் பனலை வைத்துவிட்டு ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அம்பியர் பக்கத்தில் பற்றரியின் வயிறும் முக்கியம். டியூபுலர் மெதுவாகச் சாப்பிடும் பிராணி. அதன் அம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு, 150இற்கு 15 அம்பியர், அதற்கு வசதியான வேகம். 20 வரை தாங்கும். மிகக் குறைவாகக் கொடுத்தாலும் கூடாது, ஒரு நாள் வெயிலில் நிரம்பாது. லித்தியம் பொதுவாக அம்பியர்-மணியில் பாதிவரை வாங்கும், 100இற்கு 50 அம்பியர். ஆனால் பி.எம்.எஸ் அதைவிடக் குறைவாக எல்லை வைத்திருக்கலாம், தரவுத்தாளில் பார்க்க வேண்டும்.

ஒரு சாதாரண வீட்டின் இரவு

நான்கு எல்.ஈ.டி மின்குமிழ்கள், 9 வாற் வீதம் 5 மணிநேரம்: 180 வாற்-மணி. இரண்டு மின்விசிறிகள், 60 வாற் வீதம் 8 மணிநேரம்: 960. வைஃபை ரவுட்டர் 10 வாற், 14 மணிநேரம்: 140. இன்வேர்ட்டர் சும்மா இருக்கவே 15 வாற் குடிக்கும், 14 மணிநேரத்துக்கு 210. இதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. மாற்றும்போது போகும் இழப்பையும் சேர்த்தால் 1,600 அளவில் நிற்கும். நெபுலைசர் 150 வாற் என்றாலும் கால் மணிநேரம்தான், 40 வாற்-மணிகூட இல்லை. ஆனால் அது தேவைப்படும் நேரத்தில் பற்றரியில் ஏதாவது இருக்க வேண்டும். (மின்விசிறிகளை 30 வாற் டி.சி மோட்டர் வகைக்கு மாற்றினால் இந்தக் கணக்கில் 480 குறையும். பற்றரியைப் பெரிதாக்குவதைவிட அது மலிவு.)

டியூபுலரில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். 12 வோல்ற் 150 அம்பியர்-மணி பற்றரி இரண்டைத் தொடராக வைத்தால் 3,600, பாதி 1,800. போதும். லித்தியத்தில் எண்பது வீதம் எடுக்கலாம். 25.6 வோல்ற் 100 அம்பியர்-மணி என்றால் 2,560, எண்பது வீதம் 2,048. அதுவும் போதும்.

இரவுக்கு 1,600, பகற்பாவனைக்கு ஒரு 600, மொத்தம் 2,200. யாழ்ப்பாண வெயிலில் ஒரு வாற் பனல், எல்லா இழப்பும் போக, நாளுக்கு மூன்றரை வாற்-மணி தரும் என்று வைத்தால் 630 வாற் பனல் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பாதியாகும். எனவே 1,100 வாற். அதாவது 550 வாற் பனல் இரண்டு. 1,100ஐ 26 வோல்ற்றால் வகுத்தால் 42 அம்பியர். 24 வோல்ற்றில் வேலை செய்யும் 45 அல்லது 50 அம்பியர் எம்.பி.பி.டி.

இந்த இடத்தில்தான் பொருத்தம் பார்க்க வேண்டும். 42 அம்பியரை 100 அம்பியர்-மணி லித்தியம் சுகமாக வாங்கும். அதே 42ஐ 150 அம்பியர்-மணி டியூபுலர் சோடிக்குக் கொடுத்தால் அது இரு மடங்குக்கு மேல். கொதிக்கும், தண்ணீர் வற்றும். டியூபுலர்தான் வைப்பதென்றால் கொன்ட்ரோலரில் ஏற்றும் அம்பியரை 20இற்குக் கட்டுப்படுத்த வேண்டும், அப்படிக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். ஒரே பனல், ஒரே கொன்ட்ரோலர், பற்றரி மாறினால் அமைப்பும் மாற வேண்டும்.

வெக்கையும் கம்பியும்

தரவுத்தாளில் உள்ள வோல்ற்றளவுகள் 25 பாகை செல்சியசுக்கு. நம் வீடுகளில் பற்றரி இருக்கும் தகரக் கொட்டிலில் சித்திரை, வைகாசியில் 35 சாதாரணம். ஈய-அமிலப் பற்றரிக்கு ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ற்றில் ஏறத்தாழ 0.018 வோல்ற் குறைக்க வேண்டும், பத்துப் பாகைக்கு 0.18. 14.4 என்பது 14.2 ஆகும். இதைத் தானே செய்ய நல்ல கொன்ட்ரோலரோடு ஒரு வெப்ப உணரிக் கம்பி வரும். அதைப் பற்றரியில் ஒட்ட வேண்டும். பல வீடுகளில் அது பெட்டிக்குள்ளேயே, பிரிக்காத பொலித்தீனில் கிடக்கிறது. லித்தியத்துக்கு இது தேவையில்லை. அந்த அமைப்பைப் பூச்சியமாக்கிவிட வேண்டும். வெக்கை எட்டுப் பத்துப் பாகை கூடினால் ஈய-அமிலப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. அதனால் பற்றரியைத் தகரத்தின் கீழ் வைக்காமல், காற்றோட்டமுள்ள ஓட்டுக்கூரை விறாந்தைக்கு மாற்றுவது எந்தக் கொன்ட்ரோலரையும்விடப் பெரிய சேமிப்பு. தண்ணீர் விடும் வகை ஏறும்போது ஐதரசன் வாயு வரும். படுக்கையறையும், விளக்கு எரியும் சாமி அறையும் அதற்கு இடமல்ல.

கம்பியைச் சொல்லாமல் விட முடியாது. கொன்ட்ரோலருக்கும் பற்றரிக்கும் இடையில் 2 மீற்றர் தூரம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி. 20 அம்பியர் ஓடும்போது போகவரச் சேர்த்து 0.6 வோல்ற் கம்பியிலேயே விழும். கொன்ட்ரோலர் 14.4 என்று பார்க்கும், பற்றரிக்குக் கிடைப்பது 13.8. எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பற்றரி நிரம்பாது. 16 சதுர மில்லிமீற்றர் கம்பியில் இந்த இழப்பு 0.1ஐத் தாண்டாது. பற்றரிக்கு அருகே ஒரு பியூசும் வேண்டும். அது இல்லாமல் பூட்டித் தருபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல்.

ஹைபிரிட் பெட்டிகள்

இப்போது புதிதாகப் பூட்டுகிறவர்கள் பலர் கொன்ட்ரோலரும் இன்வேர்ட்டரும் ஒரே பெட்டியில் வரும் ஹைபிரிட் வகைக்குப் போகிறார்கள். பொருத்தப் பிரச்சினை அதோடு தீராது, இடம் மாறும். 48 வோல்ற் லித்தியம் என்ற பெயரில் 16 செல் பற்றரியும் உண்டு, 15 செல் பற்றரியும் உண்டு. 16 செல்லுக்கு 56.8 வோல்ற் சரி. அதையே 15 செல்லுக்குக் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 3.79 வரும், பி.எம்.எஸ் துண்டித்துவிடும். ஆசிரியர் வீட்டுக் கதைதான், பெரிய அளவில். பற்றரியும் இன்வேர்ட்டரும் தகவல் கம்பி வழியாகப் பேசிக்கொண்டால் இந்த எண்களைப் பற்றரியே சொல்லிவிடும். ஆனால் இரண்டும் ஒரே மொழி பேச வேண்டும். இன்வேர்ட்டர் நிறுவனம் வெளியிட்டுள்ள பொருந்தும் பற்றரிகளின் பட்டியலில் உங்கள் பற்றரி இருக்கிறதா என்று பாருங்கள். "எல்லாத்துக்கும் பொருந்தும் அண்ணை" என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

இதே கணக்கு பெரிய அளவில் தீவுகளில் நடக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாற் சூரியம், 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற்-மணி பற்றரி. அங்கே இந்தப் பொருத்தத்தைப் பார்க்கப் பொறியியலாளர்கள் இருப்பார்கள். வீட்டில் நாமேதான் பார்க்க வேண்டும், ஊடகக் கற்கை படித்த எனக்கே தரவுத்தாள் விளங்குகிறது என்றால் அது அவ்வளவு கடினமும் அல்ல.

கடைக்குப் போகும்போது நான் எல்லோரிடமும் சொல்வது: பற்றரியை முதலில் தெரிவுசெய்யுங்கள், கொன்ட்ரோலரைப் பிறகு. பற்றரியின் தரவுத்தாளைத் தொலைபேசியில் வாங்கி வைத்துக்கொண்டு அதிலுள்ள ஏற்றும் வோல்ற்றளவு, ஃப்ளோட், அதிகபட்ச அம்பியர் மூன்றையும் எழுதுங்கள். பனலின் வி.ஓ.சியை நான்காவதாக எழுதுங்கள். இந்த நான்கையும் அப்படியே கையால் பதிய முடிகிற கொன்ட்ரோலரா என்று கேளுங்கள். பதிந்த எண்களைப் பூட்டியவரின் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் வீட்டில் இப்போது அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 14.2, 13.5, ஈக்குவலைஸ் இல்லை, வெப்பத் திருத்தம் பூச்சியம். இரவு முழுவதும் பற்றரி நிற்கிறது. பழைய டியூபுலரோடு புதியதைச் சேர்த்துப் பாவிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது, கிழடு இளசையும் இழுத்துவிழுத்தும். லித்தியத்தையும் ஈய-அமிலத்தையும் ஒரே கொன்ட்ரோலரில் சமாந்தரமாகப் பூட்டவே கூடாது.

கழற்றிய பழைய பற்றரி அடுத்த கேள்வி. 150 அம்பியர்-மணி டியூபுலர் ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும், அதில் பாதிக்கு மேல் ஈயம். பழைய இரும்பு வாங்க வருகிறவருக்கு ஈயம்தான் தேவை, அமிலம் பாரம். வளவு மூலையில் கவிழ்த்து ஊற்றிவிட்டுக் கொண்டுபோவார். சுன்னாகம் மின்நிலையப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனது நமக்கு நினைவிருக்கும். அதே சுண்ணாம்புக்கல்தான் கொக்குவிலின் கீழும் இருக்கிறது, மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை விலைக்கு எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுப்பவர் யாரானாலும் மூடி இறுக்கி, நிமிர்த்தியபடி, அமிலத்தோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். ஏற்றி முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.